போகவில்லை, காய்ந்திருந்தது

மதினியின் முந்தானை மூக்கருகே போனதை நான் பார்த்துவிட்டேன். போனது இரண்டு வினாடிதான். உடனே கீழே இறக்கி, நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோலப் பாவனை செய்தார். ஆனி மாதம், செங்கோட்டையில், சாரல் காற்று சன்னல் கதவைப் பிய்த்துக்கொண்டிருக்கும் வேளையில் யாருக்கு வியர்க்கும்? புனலூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, அம்மாவைப் பார்க்கக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்த நொடியில் அது நடந்தது. நான் பார்த்தேன், என் மனைவி பார்த்தாள், நாங்கள் பார்த்ததை மதினியும் பார்த்தார். பிறகு மூன்று பேரும் பலாப்பழ விலையைப் பற்றி நெடுநேரம் பேசினோம்.

அன்று இரவு மனைவியிடம், "வீடு நாறுகிறதா?" என்று கேட்டேன். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றாள். எனக்கும் தெரியவில்லை. எரிச்சலே அதனால்தான். 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். கிப் உபகரணத்தில் ஹைட்ரஜன் சல்பைடு தயாரிக்கும் நாள்களில் முதல் ஐந்து நிமிடம் மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூச்சலிடுவார்கள். பிறகு அடங்கிவிடுவார்கள். "வாயு போய்விட்டது சார்" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். "வாயு போகவில்லை, உன் மூக்குதான் போய்விட்டது, சன்னலைத் திற" என்பேன். ஒரே வாசனை ஓயாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கும் மூளையும் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். அந்த வாயு அளவு மீறினால் மூக்கை முற்றாகவே மரத்துப்போகச் செய்துவிடும். அதனால்தான் அது ஆளைக் கொல்கிறது. இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவன், தன் கூடத்தில் மாதக்கணக்காக அந்த மாணவனைப் போலவே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

காரணம் எது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. எங்கள் கூடத்தில் ஒரு கம்பளம் கிடக்கிறது. இந்த ஊரில் கம்பளம் விரிப்பது அறிவுள்ளவர்கள் செய்கிற காரியம் இல்லை. பத்தமடைப் பாயோ பவானி ஜமக்காளமோ போதும், உதறினால் தூசு போய்விடும், கொடியில் போட்டால் காய்ந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டுத் தரை தாத்தா காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் நுழைந்துவிட்டால் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது, எலும்புக்குள் குளிர் ஏறும். அம்மாவுக்கு வயது 86. ஷார்ஜாவில் இருக்கும் தம்பி ஒரு விடுமுறையில் வரும்போது, சிவப்பும் கறுப்புமாகப் பூ போட்ட, விரல் மூழ்கும் அளவுக்கு மயிர் அடர்ந்த கம்பளத்தைச் சுருட்டிக் கொண்டுவந்தான். வழுக்காமல் இருக்க அடியில் விரிக்க ஒரு கம்பளி மெத்தையும் வாங்கி வந்திருந்தான். அம்மா அதில் கால் வைத்த முதல் நாள் குழந்தைபோலச் சிரித்தார். ஆகவே "தூக்கி எறி" என்ற எளிய தீர்வு எனக்குக் கிடையாது. அதைச் சொல்பவர்கள் இந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு குட்டன் வந்தான். ஆரியங்காவில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த பூனைக்குட்டி. பெயரும் அங்கிருந்தே வந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் என்பதால், மலையாளப் பெயரோடு ஒரு பூனை வருவதில் யாருக்கும் வியப்பில்லை. அவன் வளர்ந்து கடுவனாகி, நாங்கள் காயடிக்கும் அறுவையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். மீதியை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நுரை என்னும் மயக்கம்

மதினி ஊர் திரும்பிய மறுநாளே போர் தொடங்கியது. கண்ணுக்குத் தெரிந்த சிறுநீர்க் கறை கையகலம்தான், அம்மாவின் நாற்காலிக்கும் சன்னலுக்கும் நடுவில். ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, தென்னை நார்ப் பிரஷ்ஷால் தோள் வலிக்கும்வரை தேய்த்தேன். இன்று அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. தேய்ப்பதால் கறை மேலே வருவதில்லை, கீழே போகிறது. துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டிய இடத்தில் தேய்த்தவன், அதைத் தன் கையாலேயே அடி மெத்தைக்கு அனுப்பிவைக்கிறான். அப்போது எனக்கு அது தெரியாது. தேய்க்கும்போது உழைப்பது போன்ற உணர்வு கிடைக்கிறது. அந்த உணர்வில்தான் எல்லாம் கெட்டது.

அடுத்து நான் செய்ததை என் பழைய மாணவர்கள் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும். ஆப்பச்சோடாவைக் கம்பளத்தின் மேல் தூவி, அதன்மேல் வினிகரை ஊற்றினேன். எல்லாரும் சொல்கிற வைத்தியம் இது. பொங்கிக்கொண்டு நுரை வந்தது. பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது, எதுவோ வேரோடு பிடுங்கப்படுவதுபோல. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் ஆகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். வினிகர் தன் வேலையைச் செய்வதற்குள் சோடா அதைத் தின்றுவிடுகிறது, சோடா தன் வேலையைச் செய்வதற்குள் வினிகர் அதைத் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது சோடியம் எத்தனோயேட் கரைந்த தண்ணீர். நுரை என்பது கரியமில வாயு வீட்டை விட்டு ஓடும் காட்சி, வேறொன்றும் இல்லை. வினிகரைத் தனியாகப் பயன்படுத்தியிருந்தால் கிளம்பும் அம்மோனியாவையாவது அது பிடித்து உப்பாக்கி உட்கார வைத்திருக்கும். சோடா தனியாக என்றால் அம்மோனியாவிடம் அதன் பாச்சா பலிக்காது, இரண்டுமே காரம். இத்தனையும் தெரிந்தவன்தான் நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவிக்கு ஃபினாயில் மேல் நம்பிக்கை. கறுப்பு ஃபினாயில் வாசனை வந்தால்தான் வீடு கழுவப்பட்டதாக அவளுக்குப் பொருள். இதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன், அதுவும் சொந்த அறிவால் இல்லை, கால்நடை மருத்துவர் முன்பு ஒருமுறை எச்சரித்திருந்ததால். பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. அந்தத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே அதற்கு நஞ்சு. பக்கத்து வீட்டு அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், கிணற்றில் போட வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவந்து நீட்டினார். வாசலிலேயே மறித்துவிட்டேன். சிறுநீரின் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமைன் என்னும் நச்சு வாயு கிளம்பும். நான் வினிகர் ஊற்றி வைத்திருந்த இடத்தில் விழுந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். நாற்றத்தைப் போக்கப் போய் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த கதை ஆகியிருக்கும்.

பிறகு சாம்பிராணி. அதற்குப் பிறகு நாப்தலின் உருண்டை. எனக்கும் மனைவிக்கும் இதில் பெரிய சண்டை. ஒரு வாசனையின் மேல் இன்னொன்றைப் போர்த்துவது பொய் சொல்வதற்குச் சமம் என்று நான் கத்தினேன். "வருகிறவர்களிடம் போய் உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறீர்களா?" என்று அவள் கேட்டாள். பதில் இல்லை. சாம்பிராணி போட்ட நாள்களில் கூடம், பூனை புகுந்த கோயில்போல மணத்தது.

ஆவணி பிறந்தது. சாரல் ஓய்ந்து வெயில் அடித்தது. என் மூக்கை நான் நம்புவதை விட்டுவிட்டதால், எதிர்வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள், பொய் சொல்லும் வயது வரவில்லை. கம்பளத்தில் முகம் புதைத்துப் பார்த்துவிட்டு, "தூசு வாசனைதான் தாத்தா" என்றாள். உடனே தம்பிக்குத் தொலைபேசியில் வெற்றியை அறிவித்தேன். ஐப்பசி மழையில் அது லேசாக எட்டிப் பார்த்ததாம். சிறுமி சொன்னாள். மழைக்காலத்தில் எல்லா வீடும் அப்படித்தான் என்று நான் பொருட்படுத்தவில்லை. மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் சுத்தம். மறு ஆனி பிறந்து, மலை முகட்டில் மேகம் இறங்கி, முதல் சாரல் விழுந்த மூன்றாம் நாள் பால்காரர் வாசலில் நின்றபடி, "பூனை உள்ளேயே போகிறதா சார்?" என்று கேட்டார்.

குட்டன் அப்போது வீட்டிலேயே இல்லை. பத்து நாளாக நண்பரின் தோட்டத்தில் இருந்தான். பங்குனியில் அவனுக்கு அறுவையும் முடிந்திருந்தது. அதன் பிறகு அவன் கம்பளத்தை நனைத்து நாங்கள் பார்க்கவே இல்லை. நாற்றம் மட்டும் போன ஆண்டு விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

அழுகிற மூட்டை

பூனை இல்லாத வீட்டில் நாற்றம் எப்படித் திரும்பியது என்ற கேள்விக்கு விடை எனக்குக் கிடைத்தது புளியரைப் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம். கார் நெல்லுக்கு மேலுரம் போட யூரியா வாங்கி, வயலுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொள்ளவே, எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுப் போனார். 45 கிலோ மூட்டைகள். ஒன்று புதியது, மற்றொன்று போன பருவத்தில் பிரித்து மிச்சம் இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்து தூக்கும்போது, பிரித்த மூட்டையின் அடியில் திண்ணை ஈரமாகியிருந்தது. மழை அங்கே விழவில்லை. அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. "சாரல் வந்துவிட்டால் யூரியா மூட்டை அழும் சார். வெயில் காலத்தில் கல்லு மாதிரி இருக்கும். காற்றில் ஈரம் வந்ததும் தானே கசியும். போன வருஷத்து மூட்டையானாலும் அழும்" என்றார்.

நான் அந்த ஈரத் தடத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். யூரியாவைப் பற்றி நான் பேசாத ஆண்டு இல்லை. கரிம வேதியியல் தொடங்கும் முதல் வகுப்பே அதுதான். 1828இல் வோலர் என்ற ஜெர்மன் வேதியியலர் ஆய்வுக்கூடத்தில் யூரியாவைச் செய்துவிட்டு, மனிதனுடையதோ நாயுடையதோ எந்தச் சிறுநீரகமும் இல்லாமல் யூரியா செய்துவிட்டேன் என்று தன் ஆசான் பெர்சீலியஸுக்கு எழுதினார். இதைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்து, உயிரினங்களின் பொருள்களை உயிரால்தான் ஆக்க முடியும் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டதை விளக்குவேன். உரமூட்டையில் இருப்பதும் சிறுநீரில் இருப்பதும் ஒரே பொருள் என்பதை அழுத்திச் சொல்லி, கரும்பலகையில் இரண்டு முறை அடிக்கோடு இடுவேன். அந்த அடிக்கோட்டுக்கும் என் கூடத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் யூரியா காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்புகள் அதோடு கலந்திருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். சிறுநீர் காய்ந்தால் மிஞ்சுவது அப்படி ஒரு கலவைதானே. சாரல் நாளில் செங்கோட்டைக் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே துணி காயப்போட்டவர்களைக் கேளுங்கள்.

அப்படியானால் போன ஆவணியில் நாற்றம் போகவே இல்லை. காய்ந்திருந்தது. சிறுமியின் மூக்கு பொய் சொல்லவில்லை, வெயில்தான் பொய் சொல்லியிருக்கிறது. கம்பளத்துக்குள் யூரியாவும் உப்பும் ஆறு மாதம் கல்லாக உறங்கி, சாரல் வந்ததும் நீரை இழுத்து நனைந்து, அந்த ஈரத்தில் பாக்டீரியாக்கள் மறுபடி எழுந்து, யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கத் தொடங்கியிருக்கின்றன. பூனை பத்து மைலுக்கு அப்பால் ரப்பர் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருக்க, அதன் சிறுநீர் என் வீட்டில் புதிதாக நாறியது இப்படித்தான்.

அண்ணாச்சி மூட்டையோடு போனதும் நாற்காலிகளை நகர்த்திவிட்டு, மனைவியும் நானுமாகக் கம்பளத்தைப் புரட்டினோம். வந்த நாளிலிருந்து அதை நாங்கள் புரட்டியதே இல்லை. மேலே கையகலக் கறை என்று சொன்னேன் அல்லவா? கம்பளத்தின் முதுகில் அது சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. அடி மெத்தையில் ஒரு சுளகு அளவு. மஞ்சளாக, ஓரத்தில் பழுப்பாக, வட்டத்துக்குள் வட்டமாக. ஒவ்வொரு வட்டமும் நான் ஊற்றிய ஒரு வாளி. மெத்தைக்குக் கீழே சிவப்புத் தரையில் பளபளப்பு போய், சாம்பல் பூத்ததுபோல வெளிறி இருந்தது. அப்போது எனக்கே அந்த நாற்றம் தெரிந்தது, முதல் முறையாக, கண்ணில் நீர் வரும்படி. மனைவி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து, "மதினி பாவம்" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு சிறு வழக்கு எனக்கு உண்டு. பூனைச் சிறுநீர் நாற்றம் போகாததற்கு யூரிக் அமிலப் படிகங்களே காரணம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாது என்பது உண்மைதான். ஆனால் மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் இழந்துவிட்ட யூரிகேஸ் என்னும் நொதி பூனைக்கும் நாய்க்கும் இருக்கிறது. அது யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை அலன்டாயின் என்னும் வேறொரு பொருளாக ஆக்கிவிடும். நாய்களில் டால்மேஷியன் போன்ற சில இனங்கள் இதற்கு விலக்கு. எனவே அந்த ஒரே அமிலத்தின் தலையில் எல்லாப் பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடுவன் பூனையின் தனி நாற்றத்துக்கு வேறொரு பொருள் இருக்கிறது: ஃபெலினின். அமினோ அமிலம், கந்தகம் கொண்டது. வெளியே வரும்போது அதற்கு வாசனையே இல்லை. நாள் செல்லச் செல்லத்தான் உடைந்து கந்தக நாற்றத்தை விடும். பெய்த அன்று இருந்ததைவிட அடுத்த வாரம் மோசமாக நாறுவது நம் கற்பனை இல்லை. காயடிக்காத ஆண் பூனையில் அது மிக அதிகம். நாங்கள் அறுவையைத் தள்ளிப் போட்டதற்கு விலை இதுதான்.

சுரண்டை வெயில்

எந்த ஆழத்துக்குச் சிறுநீர் போனதோ அந்த ஆழத்துக்கு மருந்தும் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் செய்வதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அடி மெத்தையை யோசிக்காமல் தூக்கி எறிந்தேன். பஞ்சுபோல இருக்கும் எதுவும் குடித்ததைத் திருப்பிக் கொடுக்காது. வாட்டர் சர்வீஸ் கடையில் கார் இருக்கைகளின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் இருக்கிறது. கடைக்காரர் என் பழைய மாணவர், இரவல் கொடுத்தார். காரணத்தைக் கேட்டார், சொன்னேன், சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் கவனிக்காததுபோல இருந்தேன். கறை பட்ட இடத்தில் வெறும் தண்ணீரை மெல்ல ஊற்றி, உடனே உறிஞ்சி, மறுபடி ஊற்றி, மறுபடி உறிஞ்சி, பன்னிரண்டு முறை. யூரியாவும் உப்பும் நீரில் நன்றாகவே கரையும். முன்பு நான் தண்ணீரை ஊற்றியதில் தவறில்லை, திரும்ப எடுக்காமல் விட்டதுதான் தவறு. இயந்திரத்தின் தொட்டியில் சேர்ந்த நீரைப் பற்றி எழுதப் போவதில்லை.

பிறகு நொதிக் கரைசல். செல்லப்பிராணி வளர்ப்பவர்களுக்கென்றே விற்கிறார்கள், ஓய்வூதியக்காரன் யோசித்து வாங்க வேண்டிய விலையில். யூரியாவை உடைக்கும் யூரியேஸ்தான் உலகில் முதன்முதலாகப் படிகமாகப் பிரிக்கப்பட்ட நொதி. 1926இல் அமெரிக்க வேதியியலர் சம்னர் அதை வாளவரை இனத்துப் பயறு ஒன்றிலிருந்து எடுத்தார், 1946இல் நோபல் பரிசு பெற்றார். நம் காணப் பயறிலும் அது உண்டு. இதைச் சொல்லி, காணத்தை ஊறவைத்து அரைத்து ஊற்றினால் என்ன என்று கேட்டேன். "ஊற்றுங்கள், பூனை நாற்றம் போய் எலி வரும்" என்றாள் மனைவி. அவள் சொன்னது சரி. யூரியா மட்டும் உடைந்தால் போதாது, புரதமும் மற்றதும் உடைய வேண்டும். விலை கொடுத்து வாங்கியதையே ஊற்றினோம், மேலே ஈரமாகும் அளவுக்கு அல்ல, முதுகில் கை வைத்தால் நனையும் அளவுக்கு.

நொதி ஈரத்தில்தான் வேலை செய்யும், காய்ந்தால் நின்றுவிடும். தெளித்துவிட்டு மின்விசிறியைப் போடுகிறவர்கள் பணத்தைக் காற்றில் விடுகிறார்கள். நனைத்த பழைய வேட்டியை மேலே போட்டு, அதற்கு மேல் பாலித்தீன் தாளை விரித்து மூடினோம். ஒரு நாள் போதும் என்று புட்டியில் அச்சிட்டிருந்தது. மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "சாரலில் தோசை மாவே ஒரு நாளில் பொங்குவதில்லை" என்றாள். குளிரில் நொதிகள் மந்தமாகும் என்று பாடநூல் சொல்வதும் அதைத்தான். இரண்டு நாள் விட்டோம். அதற்கு முன் சோப்பு, ஃபினாயில், வினிகர் எதன் மிச்சமும் கம்பளத்தில் இருக்கக் கூடாது, நொதியை அது முடமாக்கிவிடும். என் பழைய வைத்தியங்களின் மிச்சத்தை வெளியேற்றத்தான் அந்தப் பன்னிரண்டு முறையில் பாதி போனது.

இனிக் காயவைக்க வேண்டும். ஆனி மாதச் செங்கோட்டையில் எங்கே காயவைப்பது? மொட்டைமாடியில் விரித்தால் பாசி பிடிக்கும். இந்த மாவட்டத்தின் விசித்திரம் என்னவென்றால், நாங்கள் சாரலில் நடுங்கும்போது முக்கால் மணி நேரம் கிழக்கே போனால் வெயில் சுள்ளென்று காய்ச்சும். மலை தன் காலடிக்கு மட்டும் மழையைக் கொடுத்துவிட்டு, தூரத்துப் பிள்ளைகளுக்குக் காற்றை மட்டும் கொடுக்கிறது. தங்கை வீடு சுரண்டையில். கம்பளத்தை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். தென்காசி தாண்டியதும் சாலை உலர்ந்திருந்தது. தங்கை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, சீர் கொண்டுவருகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றாள். அவள் வீட்டு மாடியில் கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, முதுகை வெயிலுக்குக் காட்டி, மூன்று நாள் காயவைத்தோம்.

அதற்குள் இங்கே தரையைப் பார்த்துக்கொண்டேன். அந்தச் சிமெண்டும் குடித்திருந்தது. அங்கேயும் அதே கரைசல், அதே பாலித்தீன். உலர்ந்த பின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன், பளபளப்பு பாதி திரும்பியது. நகைக்கடையில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கை ஒரு மாலைக்கு இரவல் வாங்கி, இருட்டில் கூடம் முழுக்க அடித்துப் பார்த்ததில், சன்னல் திரையின் கீழ்விளிம்பும் மர அலமாரியின் ஒரு காலும் மஞ்சளாக ஒளிர்ந்தன. திரை வெந்நீருக்குப் போனது. அலமாரிக் காலை இப்போதும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

குட்டனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு அநியாயம். அறுவைக்குக் கொண்டுபோனபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "உட்கார்ந்து பெய்கிறானா, நின்று வாலைத் தூக்கிப் பீய்ச்சுகிறானா?" என்பது. நிமிர்ந்த பரப்பில் பீய்ச்சினால் எல்லை போடுகிறான், தரையில் உட்கார்ந்து பெய்தால் கழிப்பிடச் சிக்கல். முக்குகிறானா, சொட்டுச் சொட்டாக வருகிறதா என்றும் கேட்டார். ஆண் பூனைக்கு அடைப்பு வந்தால் நாள் கணக்குப் பார்க்கக் கூடாதாம், அன்றே ஓடி வர வேண்டுமாம். எங்கள் திரை எல்லைக் கணக்கு, கம்பளம் கழிப்பிடக் கணக்கு. "எந்த மாதத்தில் அதிகம்?" என்றார். ஆனி, ஆடி என்றேன். "மண் எப்போது நனைகிறது?" என்றார். அவ்வளவுதான். கொல்லை மண் உலர்ந்திருந்தவரை அவன் மரியாதையாக வெளியே போய்த் தோண்டி மூடிவிட்டு வந்திருக்கிறான். சாரல் வந்து மண் சேறானதும், வீட்டிலேயே காய்ந்ததும் காலை வைத்தால் புதைவதுமான ஒரே இடத்தைத் தேடிக்கொண்டான். அம்மா தேடிக்கொண்ட அதே இடத்தை, அதே காரணத்துக்காக. இப்போது பின்கட்டில் ஒரு பழைய அலுமினியத் தாம்பாளத்தில் மரத்தூள் இருக்கிறது, ரப்பர் மரம் அறுக்கும் மில்லில் சாக்குக் கணக்கில் கிடைக்கிறது. தினமும் ஒரு தடவை மாற்றுகிறோம்.

சுரண்டையிலிருந்து திரும்பிய கம்பளத்தில் ஓர் இடத்தில் மட்டும் மெல்லிய கந்தக வாசனை மிச்சம் இருப்பதாகச் சிறுமி சொன்னாள். மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கினேன். 20 வால்யூம் என்றால் ஏறத்தாழ 6 விழுக்காடு, அதைச் சம அளவு தண்ணீரில் கலந்து அந்த இடத்தில் விட்டேன். கந்தகச் சேர்மங்களை அது ஆக்சிஜனேற்றி வாயடைத்துவிடும். சாயத்தையும் ஒரு கை பார்க்கும் என்பதால் மூலையில் சோதித்துவிட்டு ஊற்று என்று எல்லாருக்கும் சொல்வேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. வாசனை போனது. சிவப்புப் பூ ஒன்று வெளுத்து, தேநீர்த் தட்டளவு வெள்ளை வட்டம் விழுந்தது.

இந்த ஆனியில் சாரல் சற்று முன்னதாகவே இறங்கிவிட்டது. பால்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சிறுமி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள், இனி முகர்ந்து பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போன வாரம் மதினி வந்தார். கூடத்து வாசலில் அவர் கால் வைக்கும்போது நானும் மனைவியும் சொல்லி வைத்ததுபோல அவருடைய முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது தோளிலேயே கிடந்தது. அம்மாவின் அருகே கம்பளத்தில் உட்கார்ந்தார், வெள்ளை வட்டத்தைக் கையால் தடவினார்.

"என்ன தம்பி இது, பால் கொட்டிவிட்டதா?"

"ஆமாம் மதினி, பால்தான்" என்றேன். மனைவி அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.